தலையினுள் புகும் ஒளி

(வஹகோட்டையில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



எண்சாண் உடம்புக்குத் தலையே பிரதானம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். இச்சொல்லைக் கேளாத வீடு நம்மிடையே இல்லை. எனினும், காலில் முள் தைத்தால் அன்றைக்கே வைத்தியரிடம் ஓடுகின்ற நாம், தலையில் அடிபட்டால் கையால் தடவிவிட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். எது பிரதானமோ அதற்கே பராமரிப்புக் குறைவு!

மண்டையோட்டைத் திறவாமலே, ஒளியை மாத்திரம் உள்ளே செலுத்தி, மூளையில் ஓடும் குருதியின் நிலையை அறியும் முறையைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறோம். ஆண்டு விழாவில் பாட்டும் நாடகமும் இருக்க, விஞ்ஞானப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணலாம். இப்பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர் ஒருவர், நல்ல உழைப்பாளி, இளம் வயதினர், மிளகு பறிப்பதற்காக ஏணி வைத்து ஏறினார். மழை பெய்து ஓய்ந்த நேரம். ஏணியின் கால் வழுக்கிற்று. விழுந்தவரின் காதுக்கு மேற்புறம் ஒரு கல்லிலே பட்டது. ஒரு நிமிடம் நினைவற்றுக் கிடந்தார். நாம் ஓடிச் சென்று தண்ணீர் தெளித்தோம். கண் விழித்தார்; எழுந்து உட்கார்ந்தார்; எல்லோருடைய பெயரையும் சரியாகச் சொன்னார்; தேநீர் வாங்கிக் குடித்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று நம்மில் ஒருவர் சொல்ல, அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி நாம் கலைந்து போனோம்.

பொழுது சாயும் வேளையில் தலையிடி என்றார். ஒரு குளிசை கொடுத்தார்கள். பின்னர் இருமுறை வாந்தி எடுத்தார். வெயிலில் நின்ற பித்தம் என்றார்கள். தூக்கம் வருகிறது என்று சொல்லிப் படுத்தார். நன்றாகத் தூங்கட்டும், எழுப்பாதீர்கள் என்று சொன்னவர்களில் நாமும் ஒருவர். நடு இரவில் அவருடைய மூச்சின் சத்தம் மாறியதைக் கேட்டுத் தாயார் எழுப்பினார், அவர் எழும்பவில்லை. வாகனம் தேடி, ஆளைத் தூக்கி, ஆஸ்பத்திரியை அடைந்தபோது காலம் கடந்துவிட்டது.

அங்கிருந்த வைத்தியர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "விழுந்த உடனே கொண்டுவந்திருந்தால்..." என்று தொடங்கினார், முடிக்கவில்லை. அந்த முடியாத வசனத்தின் பொருளைத் தேடித்தான் நாம் இந்த விஷயத்தைப் படிக்கத் தொடங்கினோம். படித்ததை உங்கள் முன் வைப்பது கடமை என்று கருதுகிறோம்.

அவருடைய தலையினுள் நடந்தது என்ன? மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டினாற்போல, மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் ஓடுகின்றன. காதுக்கு மேலே ஓடு மெல்லியது. அங்கே பலமான அடி பட்டால் ஓடு வெடித்து நாடி கிழியலாம். கிழிந்த நாடியிலிருந்து கசியும் குருதி ஓட்டுக்கும் உறைக்கும் நடுவே கட்டியாகத் தேங்குகிறது. தொடக்கத்தில் கட்டி சிறிது. ஆகையால் ஆள் தெளிவாகவே இருப்பார், பேசுவார், நடப்பார். ஆனால் மண்டையோடு விரிந்து கொடுக்கும் பையன்று. கட்டி பெருகப் பெருக, விலகிச் செல்ல இடமின்றி மூளை நசுங்குகிறது. தெளிவாக இருக்கும் அந்தச் சில மணி நேரந்தான் வைத்தியருக்குக் கிடைத்த அவகாசம். அந்த நேரத்தில் ஓட்டைத் துளைத்துக் கட்டியை அகற்றினால் பெரும்பாலும் உயிர் பிழைக்கும். நாமோ அந்த நேரத்தைச் சுகத்தின் அடையாளம் என்று நினைத்து, அவரைத் தூங்க வைத்துவிட்டோம்.

மூளைக்கும் குருதிக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதையும் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். மூளையின் நிறை உடம்பின் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் உடம்பு பயன்படுத்தும் பிராணவாயுவில் (பாடசாலையில் ஒட்சிசன் என்று படிக்கிறீர்களே, அதுதான்) நூற்றுக்கு 20 பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. வளர்ந்த ஒருவரின் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மில்லிலீற்றர், அதாவது முக்கால் லீற்றர் குருதி போய்க்கொண்டே இருக்க வேண்டும். அடுப்பங்கரையில் அரிசியைச் சேமித்து வைப்பதுபோல மூளை பிராணவாயுவைச் சேமித்து வைப்பதில்லை. குருதியோட்டம் முற்றாக நின்றால் பத்து வினாடியளவில் நினைவு தப்பும். சில நிமிடங்களில் நிலையான சேதம் தொடங்கும். பெரிய நாடி ஒன்று அடைபட்டுப் பாரிசவாதம் ஏற்படும்போது, சிகிச்சையின்றிப் போகும் ஒவ்வொரு நிமிடத்திலும் ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006ஆம் ஆண்டில் ஒரு நிபுணர் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே மூளையின் நலம் என்பது குருதியோட்டத்தின் நலமே.

அந்த ஓட்டத்தை வெளியிலிருந்து அறிவது எப்படி? 1895இல் ஜெர்மானியரான ரோண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அதனால் எலும்பைப் பார்க்க முடிந்தது. எலும்புக்குள் இருக்கும் மென்மையான மூளையையோ அங்கே கசிந்த குருதியையோ தெளிவாகப் பார்க்க முடியவில்லை. அதன்பின் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ உலகம் காத்திருந்தது. 1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்ட் என்னும் பொறியியலாளர் அமைத்த சி. டி. ஸ்கான் இயந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1979இல் அவருக்கும் கோர்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கும் தலைக்காயத்துக்கு அந்த ஸ்கானே முடிவான சாட்சி. ஆனால் அது ஓர் அறையை நிரப்பும் இயந்திரம், விலையோ பெரிது, அதைப் படித்துச் சொல்ல நிபுணர் வேண்டும். நோயாளிதான் அதனிடம் போக வேண்டும். அது நோயாளியிடம் வராது. வஹகோட்டையில் ஏணியின் கீழே கிடப்பவருக்கும் அந்த இயந்திரத்துக்கும் இடையே மலைப்பாதை கிடக்கிறது. அப்பாதையில் கழியும் நேரத்தைப் பயனுள்ளதாக்க ஏதேனும் வழியுண்டா என்பதே கேள்வி.

இங்கேதான் ஒளி வருகிறது. இன்றிரவு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச் லைட்டை உள்ளங்கையால் இறுக மூடிப் பாருங்கள். விரல்கள் செக்கச் செவேலென்று ஒளிர்வதைக் காண்பீர்கள். டோர்ச்சிலிருந்து வருவது வெள்ளை ஒளி. கையைக் கடந்து வருவது செவ்வொளி மாத்திரம். நீலத்தையும் பச்சையையும் குருதி விழுங்கிவிடுகிறது. சிவப்பை ஓரளவு விட்டுவிடுகிறது. சிவப்புக்கு அப்பால், கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர் என்று ஒன்று உண்டு. அது இன்னும் ஆழமாகச் செல்லும். அலைநீளம் 650 முதல் 950 நனோமீற்றர் வரையுள்ள ஒளிக்கு நம் தசையும் எலும்பும் ஓரளவு வழி விடுகின்றன. இதற்குக் கீழே குருதி தடுக்கிறது. மேலே உடம்பிலுள்ள நீர் தடுக்கிறது. இடையிலே இயற்கை ஒரு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கிறது.

அச்சாளரத்தின் வழியே எதைப் பார்ப்பது? குருதிக்குச் செந்நிறம் தருவது ஈமோகுளோபின் என்னும் பொருள். பிராணவாயுவைச் சுமந்திருக்கும்போது அது பளிச்சென்ற சிவப்பு. இறக்கி வைத்தபின் கருஞ்சிவப்பு. இவ்விரண்டும் ஒளியை விழுங்கும் விதமும் வேறு. ஆகவே இருவகை ஒளியை உள்ளே செலுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு மீண்டு வருகிறது என்று அளந்தால், குருதி எவ்வளவு பிராணவாயுவைச் சுமக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம்.

ஜப்பானியரான தக்குவோ அவோயாகி என்னும் பொறியியலாளர் 1974இல் வெளியிட்ட கருத்து இதுவே. நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் ஒளியை மாத்திரம் பிரித்து எடுத்தால், தோலும் எலும்பும் குறுக்கிடாமல் நாடிக் குருதியை மாத்திரம் அளக்கலாம் என்று அவர் கண்டார். கொரோனாக் காலத்தில் நம் விரல் நுனியில் கௌவிக்கொண்டு 98 என்றும் 95 என்றும் இலக்கம் காட்டியதே, அந்தச் சிறிய கருவி அவருடைய மூளையில் உதித்தது. உலகமெங்கும் அக்கருவி தேடப்பட்ட 2020ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். அவர் பெயரை அறியாமலே எத்தனையோ கோடி மக்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

விரலைக் கடந்த ஒளி தலையையும் கடக்குமா? அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யோப்சிஸ் என்னும் ஆய்வாளர், செந்நிறக்கீழ்க் கதிர் மண்டையோட்டைக் கடந்து மூளையின் செய்தியைக் கொண்டுவரும் என்று 1977இல் காட்டினார். நெற்றியில் ஓரிடத்தில் ஒளியைச் செலுத்தி, மூன்று சென்ரிமீற்றர் தள்ளி உணர்கருவியை வைக்கிறார்கள். ஒளி நேர்கோட்டில் செல்வதில்லை. பாலில் விழுந்த வெளிச்சம்போல எங்கும் சிதறுகிறது. சிதறியதில் ஒரு சிறு பகுதி உள்ளே இறங்கி, மூளையின் மேற்பரப்பைத் தொட்டு, வளைந்து திரும்பி உணர்கருவியை அடைகிறது. அந்தப் பாதையின் வடிவத்தை விஞ்ஞானிகள் வாழைப்பழம் என்றே அழைக்கிறார்கள். நம் தோட்டத்து வாழைப்பழந்தான்! இரு முனையும் தோலிலே, நடுவயிறு மூளையிலே.

சிதறிய ஒளி தான் பட்டுவந்த பொருளின் செய்தியைச் சுமந்து வரும் என்பதை உலகுக்கு வேறொரு வகையில் உணர்த்தியவர் நம்மவரான சர் சி. வி. இராமன். திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர் 1928 பெப்ரவரி 28இல் கண்ட விளைவுக்கு 1930இல் நோபல் பரிசு பெற்றார். நாம் இங்கே கூறும் கருவிகள் இராமன் விளைவைப் பயன்படுத்துவன அல்ல. எனினும் சிதறிவரும் ஒளியைக் கழிவென்று தள்ளாமல் அதைக் கேள்வி கேட்கும் மனப்பான்மை இரண்டுக்கும் பொது.

பிராணவாயுவை அளந்தாயிற்று, குருதி ஓடும் வேகத்தை அளப்பது எப்படி? இரவிலே குளக்கரையில் நின்று நிலவொளியைப் பார்த்திருப்பீர்கள். நீர் அசையாதிருந்தால் நிலவின் நிழலும் அசையாது. காற்றடித்து நீர் சலசலத்தால் ஒளி ஆயிரம் துணுக்குகளாகி மின்னும். வேகம் கூடக்கூட மின்னலும் கூடும். லேசர் ஒளியைத் தலையினுள் செலுத்தினால், மீண்டு வரும் ஒளியிலும் இவ்விதமான புள்ளிகள் தோன்றுகின்றன. குருதியணுக்கள் விரைந்து ஓடினால் புள்ளிகள் விரைந்து மின்னுகின்றன; ஓட்டம் மந்தமானால் மின்னலும் மந்தமாகிறது. 1995இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் டேவிட் போவாஸ், அர்ஜுன் யோத் முதலியோர் இதற்கான கணித வழியை வகுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த கருவிகளை, குறைமாதக் குழந்தைகளினதும் பாரிசவாத நோயாளரினதும் படுக்கையருகே வைத்து ஆராய்கிறார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை, எக்ஸ் கதிரும் இல்லை.

இனி நம் ஏணிக்கு வருவோம். தலையினுள் குருதி கசிந்து கட்டியாகத் தேங்கினால், அவ்விடத்தில் ஈமோகுளோபின் மிகுதி. ஆகவே அது கதிரை அதிகமாக விழுங்கும். இடப்புறத்தையும் வலப்புறத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்தால், கட்டியுள்ள பக்கம் இருண்டிருக்கும். இவ்வளவுதான் தத்துவம். இதன்படி அமைந்த கைக்கருவி ஒன்றை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011 டிசம்பரில் அங்கீகரித்தது. இந்தியாவும் பின்தங்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், போபாலிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் பயோஸ்கான் ரிசர்ச் என்னும் இந்திய நிறுவனம் 'செரிபோ' என்ற கைக்கருவியை உருவாக்கியிருப்பதாக 2025இல் செய்தி வெளியாயிற்று. ஒரு நிமிடத்துக்குள், தலையினுள் குருதிக் கசிவோ வீக்கமோ உண்டா என்பதை நிறக்குறியால் காட்டுமாம். ஸ்கான் இயந்திரம் இல்லாத சிற்றூர் வைத்தியசாலைகளுக்கும் அம்புலன்ஸ் வண்டிகளுக்கும் பயன்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். நமக்கு வேண்டியதும் அதுவே அன்றோ!

இவ்விடத்தில் நாம் பேச்சை முடித்தால் கைதட்டல் கிடைக்கும், உண்மை பாதியாகிவிடும். ஆகவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

2011இல் அங்கீகாரம் பெற்ற அந்தக் கருவியை 383 ஸ்கான் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஸ்கானில் கட்டி இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேரிடம் கருவியும் கட்டி உண்டு என்றது. மீதி 25 பேரிடம் இருந்த கட்டியை அது காணவில்லை! கட்டி இல்லாதவர்களில் நூற்றுக்கு 82 பேரிடம் இல்லை என்றது; 18 பேரை வீணாகப் பயமுறுத்திற்று. காரணமும் விளங்கக்கூடியதே. மூளையின் மேற்பரப்பிலிருந்து இரண்டரைச் சென்ரிமீற்றருக்குக் கீழே ஒளி நம்பிக்கையாக எட்டுவதில்லை. மிகச் சிறிய கட்டியும் தப்பிவிடும். இரு பக்கமும் சமமாகக் கசிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. எனவே கருவி "உண்டு" என்றால் உடனே ஓட வேண்டும். "இல்லை" என்றாலும் ஆளின் அறிகுறி தவறாயிருந்தால் ஓடத்தான் வேண்டும். கருவி வந்துவிட்டது என்பதற்காக வீட்டில் தூங்க வைத்தால், பழைய பிழையைப் புதிய கருவியோடு செய்தவர்களாவோம்.

அளப்பது வேறு, காப்பது வேறு என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. மிகவும் குறைமாதத்தில் பிறந்த 1,601 குழந்தைகளை 17 நாடுகளில் ஆராய்ந்தார்கள். ஒரு பாதியினருக்கு மூளையின் பிராணவாயுவை ஒளியால் அளந்து அதன்படி சிகிச்சை. மறு பாதியினருக்கு வழக்கமான பராமரிப்பு. மரணமோ கடுமையான மூளைச் சேதமோ முதற் கூட்டத்தில் குறையவில்லை என்று 2023இல் முடிவு வெளியாயிற்று. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். இலக்கம் தெரிந்தபின் என்ன செய்வது என்பதை மனிதன் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறான் என்பதே இதன் பொருள். நல்ல வார்த்தை போலவே கெட்ட வார்த்தையையும் மறைக்காமல் வெளியிடுவது விஞ்ஞானத்தின் பெருமை.

மூன்றாவது விஷயம் நம்மை நேரே தொடுவது. ஒளி தோலைக் கடந்தே உள்ளே போக வேண்டும். கருந்தோலிலுள்ள நிறப்பொருள் ஒளியின் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. தடித்த கருமுடியும் அவ்வாறே. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வொன்றைக் கேளுங்கள். விரற்கருவி 92 முதல் 96 வரை காட்டிய வேளைகளில், நாடியிலிருந்து குருதி எடுத்துச் சோதித்தார்கள். உண்மை அளவு 88க்கும் குறைந்திருந்தது வெள்ளையரில் நூற்றுக்கு 3.6 தடவை, கறுப்பினத்தவரில் 11.7 தடவை. நோயாளி மூச்சுக்குத் தவிக்கிறார். கருவியோ நலம் என்கிறது! கருவிக்கு வஞ்சகம் கிடையாது. அதைச் செய்தவர்கள் எவருடைய தோலில் அதிகம் பழக்கினார்களோ அவர்களுடைய தோலையே அது நன்கு அறிந்திருக்கிறது.

ஆகவே நம் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு இத்தகைய கருவிகள் வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது எங்களைப் போன்ற நிறத்தினரிடம், எங்களைப் போன்ற கூந்தலையுடைய பெண்களிடம் சோதிக்கப்பட்டதா? இதைக் கேட்பதற்கு விலையும் விளம்பரமும் தெரிந்தால் போதாது. பௌதிகமும் உயிரியலும் தெரிய வேண்டும். விடை சொல்வதற்கு நம்மவரே ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்க வேண்டும். தம்பிமாரே, தங்கைமாரே! பௌதிகம் கடினம் என்று உயர்தர வகுப்பில் விலகிப் போகாதீர்கள். எல்லோரும் டாக்டராக வேண்டும் என்பதில்லை. கருவியை அமைப்பவர், பழுது பார்ப்பவர், அளவைச் சரிபார்ப்பவர், அம்புலன்சில் அதைக் கையாளுபவர், வார்ட்டில் அதன் இலக்கத்தைப் படித்து விழித்திருக்கும் தாதி, எல்லோருமே உயிர் காப்பவர்கள். வஹகோட்டைப் பிள்ளை ஒருவர் அந்த இடத்தில் நிற்பாரானால் அதைவிட நம் சங்கத்துக்கு வேறு பெருமை இல்லை.

ஆனால் கருவி வரும்வரை காத்திருப்பதா? கூடாது. இன்றைக்கே நம் கையிலுள்ளவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

தலையில் அடிபட்டு ஒரு கணமேனும் நினைவு தப்பினால், பின்னர் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். தலையிடி கூடிக்கொண்டே போதல், மீண்டும் மீண்டும் வாந்தி, மயக்கமான தூக்கம், பேச்சுத் தடுமாற்றம், ஒரு பக்கம் கை கால் சோர்தல், வலிப்பு, இரு கண்மணிகளும் வெவ்வேறு அளவாயிருத்தல், காதிலோ மூக்கிலோ குருதியோ தெளிந்த நீரோ வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். கழுத்திலும் அடிபட்டிருக்கலாம் என்று தோன்றினால் ஆளைக் கண்டபடி தூக்காதீர்கள்.

அடி எதுவும் படாமலே திடீரென முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை சோர்ந்து விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும் அது பாரிசவாதமாக இருக்கலாம். எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் வைத்திராதீர்கள். நிமிடத்துக்கு 19 இலட்சம் என்ற கணக்கை நினைவில் வையுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். நாற்பது வயது கடந்தவர்கள் இரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். பாரிசவாதத்துக்குப் பெருங்காரணம் அதுவே.

1990 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். 2016இல் இந்திய அரசின் உதவியுடன் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிய 'சுவ செரிய' அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் அது. கட்டணம் கிடையாது.

மோட்டார் சைக்கிளில் ஏறுவோர் தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டாமல் தலையில் மாட்டி, நாடாவையும் பூட்டுங்கள். பின்னால் அமரும் பிள்ளைக்கும் அது வேண்டும். ஏணியில் ஏறுவோர் தனியாக ஏறாதீர்கள். அடியைப் பிடிக்க ஓர் ஆள் நிற்கட்டும். மழை விட்ட உடனே ஏறவும் வேண்டாம்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். இரவில் அழைத்தாலும் வரக்கூடிய வாகனக்காரர்களின் தொலைபேசி இலக்கங்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒட்டுவோம். முதலுதவி கற்ற இருவர் ஒவ்வொரு வாரமும் முறை வைத்துப் பொறுப்பேற்கட்டும். அந்தோனியார் திருவிழாக் காலத்தில் எல்லா மதத்தவரும் கூடும் ஊர் இது. விழுந்தவர் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று காயம் கேட்பதில்லை. நாமும் கேளாமல் ஓடுவோம்.

அன்பர்களே! கண்ணுக்குப் புலப்படாத கதிர் ஒன்று மண்டையோட்டைக் கடந்து, உள்ளே ஓடும் குருதியைத் தொட்டு, செய்தியோடு திரும்பி வருகிறது. அது கொண்டுவரும் செய்தியைக் கேட்டு எழுந்து ஓட ஓர் ஆள் வேண்டும். அன்று மாலை நமக்கு ஒளிக்கருவி தேவைப்படவில்லை. தலையிடியும் வாந்தியும் தூக்கமும் மூன்று முறை வந்து செய்தி சொல்லின. கேட்கத் தெரியாதவர்களாய் நாம் இருந்தோம்.

அந்த ஏணி இன்றும் அவ்வீட்டுத் தாழ்வாரத்தில் சாத்தியபடியே இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம், வைத்தியர் முடிக்காமல் விட்ட அந்த வசனம் நம் காதில் ஒலிக்கிறது. இனி இவ்வூரில் எந்த வீட்டாருக்கும் அவ்வசனத்தைக் கேட்கும் நிலை வரக்கூடாது. அதற்காகவே இவ்வளவு நேரம் பேசினோம்.